கால் மணி நேரம்

1935-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவிலே ஆக்ரன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு ஹோட்டல் கூடத்தில் தவித்துக்கொண்டிருந்தார் பில் வில்சன். குடியை விட்டு ஐந்து மாதம். போன காரியம் கைகூடவில்லை. ஒரு பக்கம் மதுக்கூடம், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி, பக்கத்திலே தேவாலயங்களின் பட்டியல்.

மனிதர் தொலைபேசியை எடுத்தார். பாதிரியாரிடம் அவர் கேட்டது பிரார்த்தனை அல்ல. பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி!

மறுநாள் கிடைத்தவர் டாக்டர் பாப். அறுவை சிகிச்சை நிபுணர், அவரும் குடிக்கு அடிமை. கால் மணி நேரம்தான் என்று வேண்டாவெறுப்பாக வந்தவர், ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். காரணம், பில் உபதேசம் பண்ணவில்லை. தான் பட்ட பாட்டைச் சொன்னார். அந்த ஆண்டு ஜூன் 10-க்குப் பிறகு டாக்டர் குடிக்கவேயில்லை. அதுதான் குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு பிறந்த நாள்.

1939-இல், குடியை விடுவதற்கான அவர்களுடைய 12 படிகள் ஒரு புத்தகத்தில் வந்தன. அதிலே கடவுள் வருகிறார். "எங்களுக்கு நம்பிக்கை இல்லையே" என்றார்கள் சில உறுப்பினர்கள். சரி, அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்று எழுதிவிட்டார்கள். சிலருக்கு அந்தக் கூட்டமே கடவுள்!

இது வெறும் நம்பிக்கை இல்லை. 27 ஆய்வுகளை அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை, குடிக்காமல் இருக்க இந்த வழி நன்றாகவே உதவுகிறது என்கிறது.

ஒன்று மட்டும். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே சாமியையும் கும்பிடுங்கள், டாக்டரையும் பாருங்கள். இரண்டு பேரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!