எறியும் தோலும் மருந்தாகுமா?

எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தோலோடுதான் விற்பர். தோலே உள்ளிருக்கும் மணத்தைக் காக்கிறது. கமலா ஆரஞ்சின் தோலையோ உரித்து எறிந்துவிடுகிறோம்.

சீனர் அதனை எறிவதில்லை. குவாங்தொங் மாகாணத்துச் சின்ஹுவி வட்டாரத்தார் அத்தோலை உலர்த்தி, மூன்றாண்டுகளேனும் பழகவைக்கின்றனர். ‘சென்பி’ என்னும் அதன் பெயருக்குப் ‘பழந்தோல்’ என்பதே பொருள். வயிற்றுப் பொருமலுக்கும் சளிக்கும் அதனைக் கஷாயமாக்கிப் பருகுவது அவர்தம் மரபு. குமட்டலுக்கு நம் பாட்டிமார் உப்பிட்டு உலர்த்திய பழைய நார்த்தங்காயைத் தருவதில்லையா? அது போன்றதே இது.

1828-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் லெப்ரெதோன், ஆரஞ்சுத் தோலின் வெண்பகுதியிலிருந்து ‘ஹெஸ்பெரிடின்’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். ஆயினும், தோலில் ஒரு பொருள் உண்டென்பது வேறு. அது நோய் தீர்க்கும் என்பது வேறு. பின்னதை ஆய்வே மெய்ப்பிக்க வேண்டும்.

என் பணிக்காலத்தில் மலைச்சரிவிலிருந்து வந்த மாணவன் ஒருவன் வாரக்கணக்கில் இருமினான். வீட்டார் கஷாயத்தையே நம்பியிருந்தனர். மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன், காசநோய் என்றார். மாதக்கணக்கில் மருந்துண்டு பிழைத்தான். இரண்டு வாரம் கடந்த இருமலுக்குச் சளிப் பரிசோதனை இன்றியமையாதது.

முன்னோர் வழக்கை இகழாதீர்கள். சோதியாமல் உயிரை அதனிடம் ஒப்படைக்கவும் வேண்டா.