உலோகமும் அவகாசமும்



பட்டமளிப்பு மேடையில் ஏறியவருக்கு உபதேசம் செய்யும் சபலம் எளிதில் உண்டாகிவிடும். அதற்கு இடங்கொடாமல், பிரஸ், பஞ்ச், டை என்று நான்கு வருஷங்கள் பயின்று வெளிவரும் யந்திரவியல் மாணவர்களாகிய உங்களிடம், பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஒதுக்கப்பட்டு, பரீட்சைக்கு வராது என்று பலராலும் புரட்டித் தள்ளப்படுகிற சில உலோக உருவாக்க முறைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1888-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இருந்த கடற்படை டார்பிடோ நிலையத்தில், சார்லஸ் மன்ரோ என்ற ரசாயன சாஸ்திரி வெடிபஞ்சுக் கட்டிகளை இரும்புத் தகட்டின்மேல் வைத்து வெடிக்கச் செய்தபோது, கட்டியில் குழிவாகப் பொறித்திருந்த எழுத்துக்கள் தகட்டிலும் குழிவாகவே பதிந்திருக்கக் கண்டார். பிறகு தகட்டுக்கும் வெடிபஞ்சுக்கும் இடையே மரத்தின் இலையை வைத்து வெடித்துப் பார்த்தார். இலை அழிந்தது, அதன் நரம்புகள் இரும்பில் நின்றன. விரல் நுனியில் கசங்கிப்போகும் இலை இரும்புக்கு அச்சாக அமைந்தது என்றால், அந்த க்ஷணத்தில் இரும்பு நாம் அறிந்த இரும்பாக இல்லை என்றுதானே கொள்ள வேண்டும்?

இந்த விநோதம் தொழிலாக வளர நெடுநாள் சென்றது. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் ஐந்து ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு 10 மீட்டர் விட்டமுள்ளது. அதன் எரிபொருள் தொட்டிகளை மூடும் கவிகை முகடுகள், இரு திசையிலும் வளைந்த அலுமினிய இதழ்களைப் பற்றவைத்து ஆக்கப்பட்டவை. அந்த இதழ்களை உருவாக்க, நார்த் அமெரிக்கன் நிறுவனத்தார் கலிபோர்னியாவின் எல் டோரோவில் ஒரு நீர்த்தொட்டியை அமைத்தார்கள். டை என்னும் அச்சின்மேல் தகட்டை இறுகப் பிடித்து, இரண்டுக்கும் நடுவேயுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, அனைத்தையும் ஜலத்துக்குள் இறக்கி, மேலே வெடிமருந்துக் கயிற்றை அளந்த தூரத்தில் நிறுத்திக் கொளுத்திவிட்டால், பிரம்மாண்டமான ஒரு பிரஸ் செய்ய வேண்டிய வேலை கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். வெட்டவெளியில் வெடித்தால் சக்தியின் பெரும்பகுதி வீணாகும். ஜலமோ எளிதில் அமுங்கிக் கொடுக்காத காரணத்தால், அதிர்ச்சி அலையைத் தகடு முழுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. டைக்குள் காற்றுச் சிறிது தங்கினாலும் நசுங்கிக் கொதித்துத் தகட்டில் வடு உண்டாக்கும். அதனாலேயே காற்றை அகற்றுவதில் அத்தனை சிரத்தை. (ஊருக்கு நடுவே இத்தகைய பட்டறை ஏன் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

வெடிமருந்துக்குப் பதில் ஜலத்துக்குள் மின்பொறியைப் பாய்ச்சலாம் என்று 1950-இல் ரஷ்யாவில் யூட்கின் என்பவர் காட்டினார். செப்புச் சுருளில் கண்டென்ஸரின் மின்சாரத்தை ஒரேயடியாகக் கொட்டி, எதிரேயுள்ள உலோகத்தைத் தொடாமலே காந்த விசையால் தள்ளும் முறைக்கு ஹார்வி, பிரௌவர் என்ற இருவர் 1961-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். வேகமே இவை எல்லாவற்றின் உயிர்.

இதற்கு நேர்மாறான மார்க்கமும் ஒன்று உண்டு. என் மனத்தை அதிகம் கவர்ந்தது அதுவே. இங்கிலாந்தில் பியர்ஸன் என்பவர் 1934-இல் பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த ஓர் உலோகக் கம்பியை மிகமிக மெதுவாக இழுத்து, ஆதி நீளத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்குக்கு நீட்டி, சுருட்டிப் படம் பிடித்து வெளியிட்டார். சாதாரண உலோகம் இழுபடும்போது ஓரிடத்தில் இளைத்து அங்கேயே அறும். நுண்ணிய மணிகளாலான இத்தகைய கலவையிலோ, இளைக்கத் தொடங்கும் இடம் விரைந்து நீள முற்படுவதால் அங்கேயே எதிர்ப்பு மிகுந்து, நீட்சி பக்கத்து இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. இப்படி நகர்ந்து நகர்ந்து, எங்கும் அறாமல் கம்பி ஜவ்வு மிட்டாயாக நீண்டுகொண்டே போகிறது. அவசரப்பட்டு இழுத்தால் இந்தக் குணம் மறைந்துபோகும். போச்வார், ஸ்விதர்ஸ்கயா என்ற இரு ஆய்வாளர்கள் 1945-இல் இதற்கு மீநெகிழ்வு என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். முரட்டு உலோகமான டைட்டானியத்தின் கலவைத் தகடுகளைச் சில இடங்களில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆர்கான் வாயுவால் மெல்ல ஊதி, உள்ளே கூடான விமான எஞ்சின் விசிறி இறக்கைகளை ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தார் செய்வது இந்தக் குணத்தை நம்பித்தான்.

ஆகவே, இந்த உலோகம் வளையுமா என்று எவரேனும் உங்களைக் கேட்டால், எவ்வளவு அவகாசத்தில் என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்தபடியாக, எத்தனை உருப்படி வேண்டும் என்று கேளுங்கள். இம்முறைகள் பிரஸ்ஸைப் பதவியிலிருந்து இறக்கிவிடும் என்று ஒரு காலத்தில் பேசிய உற்சாகிகள் இந்த இரண்டாவது கேள்வியை மறந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். பத்துப் பன்னிரண்டு பெரிய இதழ்களுக்கு நீர்த்தொட்டி லாபம். லக்ஷக்கணக்கான கார்க் கதவுகளுக்கு அது கட்டுப்படியாகாது. ஆயினும் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள், அலுமினியத்தைச் சூடாக்கி வாயுவால் ஊதும் அதே முறையைத் துரிதப்படுத்தி, காரின் பின்கதவுத் தகடுகளைச் சில நிமிஷங்களுக்கு ஒன்றாக எடுக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பிரஸ் ஒரு நிமிஷத்தில் பல தகடுகளைத் தள்ளும். அந்த இடைவெளி இன்னும் அப்படியே இருக்கிறது. உங்களில் சிலராவது அதைக் குறைக்கும் வேலையில் புகுந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.