பித்தப்பைக் கல்லும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனும்

(சித்தூரில் நம் சங்க உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகையால் வைத்தியம் சொல்ல வரவில்லை. ஆனால் நம் வீடுகளில் அறுபதைத் தாண்டியவர்களிடம் ஒரு வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டாவது இருக்கிறது. அது எப்படி எடுக்கப்படுகிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன முடிவு செய்வது என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய பை பித்தப்பை. நீளம் 7 முதல் 10 செ.மீ. கல்லீரல் சுரக்கும் பித்தநீரை வாங்கிச் சுண்ட வைத்து, நாம் சாப்பிட்டதும் குடலுக்கு அனுப்புவது அதன் வேலை. பித்தநீரில் உள்ள கொலஸ்ட்ராலோ நிறமிப் பொருளோ உறைந்தால் கல் உண்டாகிறது. "நாம் சுத்த சைவம், நமக்கு வராது" என்பது சரியல்ல. சைவர்களுக்கும் வரும். உடம்பை வேகமாக இளைக்க வைப்பதும், நாள்கணக்கில் பட்டினி கிடப்பதும் கல் உண்டாக வழி செய்யும். ஏகாதசிக்கு ஒரு நாள் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்.

சாதாரண எக்ஸ்ரேயில் இந்தக் கற்களில் பெரும்பாலானவை தெரிவதில்லை. 1924-இல் அமெரிக்காவில் கிரகாம், கோல் என்ற இருவர், பித்தப்பையில் போய்ச் சேரும் ஒரு மருந்தைக் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஐம்பது ஆண்டுகள் அதுதான் வழி. ஒலியால் பார்க்கும் யோசனை இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. 1940-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஜார்ஜ் லுட்விக் என்பவர், நாய்களின் உடம்பில் மனிதப் பித்தக்கற்களை வைத்து, எதிரொலியைக் கொண்டு அவற்றைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார். இன்று ஸ்கேன் என்றாலே கர்ப்பிணிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1958-இல்தான். பித்தக்கல் அதற்கு மூத்தது! கேளா ஒலி பற்றிய ஆராய்ச்சியில் நம் சர் சி.வி. ராமனுக்கும் பங்கு உண்டு. 1935-இல் அவரும் நாகேந்திரநாத்தும் ஒளியைக் கேளா ஒலி எப்படிச் சிதறடிக்கிறது என்று விளக்கினார்கள்.

தத்துவம் எளிது. கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா? ஸ்கேன் கருவியின் முனையில் உள்ள படிகம், வினாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் தடவை வரை அதிர்கிறது. அந்த ஒலி உடம்புக்குள் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்புகிறது. 10 செ.மீ. ஆழத்தில் இருக்கும் பொருளின் எதிரொலி, ஒரு வினாடியை லட்சம் பங்காக்கினால் 13 பங்கு நேரத்தில் வந்துவிடும். இந்த நேரக் கணக்கை வைத்துக் கம்ப்யூட்டர் படம் வரைகிறது. பித்தநீர் கறுப்பாகத் தெரியும். கல் வெள்ளையாகப் பளிச்சிடும், ஒலி அதைத் தாண்டிப் போகாததால் பின்னால் கறுப்பு நிழல் விழும். "இடது பக்கம் திரும்பிப் படுங்கோ" என்று டாக்டர் சொல்வது எதற்குத் தெரியுமா? கல் உருளும், சதை வளர்ச்சி உருளாது. காற்று ஒலியைத் தடுத்துவிடும். அதனால்தான் வயிற்றில் ஜெல் தடவுகிறார்கள்.

ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். சாப்பிட்டால் பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. "ஒரு டம்ளர் காபிதானே" என்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்தப் பாலே போதும் பை சுருங்குவதற்கு. சர்க்கரை நோயாளிகள் காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். மாத்திரை, இன்சுலின் பற்றி முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள்.

இனி எங்கள் குடும்பத்தில் நடந்தது. என் அத்திம்பேர் இந்தச் சித்தூர்க்காரர். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே வலி வரும். வாயு என்று ஓமத் திராவகம், பெருங்காயம் கரைத்த மோர், அசிடிடி மாத்திரை என்று இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் குளிர் ஜுரம், கண்ணில் மஞ்சள். முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இதயத்தில் கோளாறு இல்லை. ஸ்கேனில் பல கற்கள், தடித்த பித்தப்பைச் சுவர். பித்தநாளம் 11 மி.மீ. விரிந்திருந்தது. சாதாரணமாக 6 மி.மீ. சுமார்தான் இருக்க வேண்டும். ஆனால் நாளத்தை அடைத்த கல் ஸ்கேனில் தெரியவில்லை. நாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடலில் உள்ள வாயு மறைத்துவிடும், அல்ட்ராசவுண்டின் பலவீனம் இது. திருப்பதியில் எம்.ஆர்.சி.பி. எடுத்தபோது கல் தெரிந்தது. வாய் வழியே குழாய் விட்டு அதை எடுத்தார்கள். சில நாள் கழித்து லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையையும் எடுத்தார்கள்.

அதே மாதம் வேறு காரணத்துக்காக என் அக்காவுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் 8 மி.மீ. கல் ஒன்று. வலி எதுவும் இல்லை. அத்திம்பேர் பட்ட பாட்டைப் பார்த்து, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை தினமும் போனில், "அம்மாவுக்கும் உடனே ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றான். சர்ஜன் மறுத்துவிட்டார். தொந்தரவு தராத கல் உள்ளவர்களில், ஆண்டுக்கு நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் தொல்லை ஆரம்பிக்கிறது, பயத்துக்காகக் கத்தி வைக்க வேண்டாம் என்றார். நான்கு ஆண்டுகள் ஆகின்றன, அக்கா சௌக்கியமாக இருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே வியாதியின் பெயர் எழுதிய இரண்டு ரிப்போர்ட்டுகள். ஒன்றுக்கு ஆபரேஷன் தாமதிக்கக் கூடாது, மற்றொன்றுக்கு ஆபரேஷனே வேண்டாம். படத்தோடு நோயாளியின் உபாதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு கிடைக்கும். 10 மி.மீ.க்கு மேற்பட்ட சதை வளர்ச்சி, மிகப் பெரிய கல் போன்றவற்றுக்கு மட்டும், வலி இல்லாவிட்டாலும் டாக்டர் ஆபரேஷன் சொல்லக்கூடும்.

வழக்கமாகக் கேட்கும் இரண்டு கேள்விகள். வாழைத்தண்டுச் சாறு கரைக்குமா? அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் கைவைத்தியம். பித்தப்பைக்கும் மூத்திரப் பாதைக்கும் சம்பந்தமே இல்லை. பையை எடுத்துவிட்டால் ஜீரணம் ஆகுமா? ஆகும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை வெறும் சேமிப்புக் கிடங்கு. கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி உண்டாகும், ஆகவேதான் பையையே எடுக்கிறார்கள். 1990-இல் பம்பாயில் டாக்டர் உத்வாடியா தொடங்கிவைத்த லேப்ராஸ்கோப்பி முறை இன்று ஊரெங்கும் இருக்கிறது.

நமக்கு வசதிக்குக் குறைவில்லை. திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரி 1960 முதலும், தேவஸ்தானம் ஏற்படுத்திய ஸ்விம்ஸ் 1993 முதலும் இருக்கின்றன. இந்தப் பக்கம் வேலூர் கூப்பிடு தூரம். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டாலும், வைத்தியத்துக்கு மாவட்ட எல்லை கிடையாது. வெளியூர்களில் இருந்து இதைப் படிக்கும் அன்பர்களுக்கும் இதுவே வேண்டுகோள்: மேல்வயிற்று வலி திரும்பத் திரும்ப வந்தால் வாயு என்று நாளைக் கடத்தாதீர்கள். குளிர் ஜுரமோ மஞ்சள் கண்ணோ சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வியர்வையோடு வலி வந்தால் முதலில் ஈ.சி.ஜி. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரு பைலில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.