தேய்ந்த சுட்டும் தேயாத சுட்டும்

(மதுரை காளவாசலில், பள்ளியிறுதித் தேர்வு எழுதவிருக்கும் மாணவர்க்காக நடைபெறும் மாலை வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

  

சென்ற கிழமை இவ் வகுப்பில் மாணவி ஒருத்தி தன் ஆங்கிலக் கட்டுரைத் தாளை என்னிடம் நீட்டினாள். பன்னிரண்டு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தது. பன்னிரண்டும் ஒரே வகைப் பிழை. ‘தெ’ வேண்டிய இடத்தில் அஃது இல்லை. வேண்டாத இடத்தில் வந்து நின்றது. நான் திருத்தத் தொடங்குமுன் அவள் கேட்டாள்: “ஐயா, நம் மொழியில் இச் சொல்லே இல்லையே, அந்தக் குறையால்தானே நமக்கு ஆங்கிலம் வரமாட்டேன் என்கிறது?”

பன்னிரண்டு பிழைகளும் எனக்கு வருத்தம் தரவில்லை. அவ் வினா வருத்தியது. பிழையை ஒரு மாலையில் திருத்திவிடலாம். தாய்மொழி குறையுடையது என்னும் எண்ணம் பதினைந்து அகவைப் பெண்ணின் உள்ளத்தில் குடிபுகுந்துவிட்டால், அதை வெளியேற்ற ஒரு வாழ்நாள் போதாது. எனக்கும் அந்த வடு உண்டு. இளமையில் அலுவலகம் ஒன்றுக்கு வேலை கேட்டு மடல் எழுதினேன். நேர்காணலில் அம் மடலை உரக்கப் படித்து, ‘தெ’ விடுபட்ட இடந்தோறும் நிறுத்தி நிறுத்தி நகைத்தார் ஒருவர். வேலை கிடைக்காதது பெரிதன்று. தமிழ்வழிப் படித்ததனால் நேர்ந்தது இது என்று பல்லாண்டு நானே நம்பிக்கொண்டிருந்தேன், அதுதான் பெரிது.

நண்பர் சிலர் வேறு வகையாகக் கேட்கின்றனர்: “தனித்தமிழ் பேசும் நீர் ஆங்கில இலக்கணம் கற்பிப்பதா?” என்று. மறைமலையடிகள் தம் தமிழ் நூல்களுக்கு ஆங்கிலத்தில் நீண்ட முன்னுரைகள் வரைந்தார். மொழிஞாயிறு பாவாணர் ஆங்கிலத்திலேயே நூல் எழுதி 1966இல் வெளியிட்டார். அந் நூலின் பெயரைப் பாருங்கள்: ‘தெ பிரைமரி கிளாசிக்கல் லேங்குவேசு ஆவ் தெ வேர்ல்டு’. முதலில் நிற்கும் அந்தத் ‘தெ’யை எடுத்துவிட்டு ‘எ’ என்று போட்டால் என்னவாகும்? உலக முதன்மொழிகளுள் தமிழும் ஒன்று என்றாகிவிடும். ‘தெ’ நிற்பதனால்தான், முதன்மொழி ஒன்றே, அது தமிழே என்னும் பொருள் பிறக்கிறது. அவர் தம் வாழ்நாள் முழுதும் நிறுவ முயன்ற கொள்கை அவ்வளவும் அந்த ஓரசைச் சொல்லின்மேல் நிற்கிறது. 1981 சனவரியில் இதே மதுரையில் அவர் உயிர்நீத்தார். அவர் எழுதிய ஆங்கிலத்தில் எவரும் ‘தெ’யைத் தேடி நகைக்க வழியில்லை. பிறர் மொழியைக் கற்பதானால் அப்படிக் கற்க வேண்டும்.

இனிப் பாடத்திற்கு வருவோம். பெயருக்கு முன்னே ஆங்கிலர் இடும் ‘எ’, ‘ஆன்’, ‘தெ’ என்னும் மூன்றையும் அவர்கள் ‘ஆர்ட்டிக்கிள்’ என்பர். இப் பேச்சின் அளவுக்கு நாம் ‘தெ’ என்பதை அறிசுட்டு என்றும், மற்ற இரண்டையும் அறியாச்சுட்டு என்றும் வைத்துக்கொள்வோம். யார் அறிவது? கேட்பவர். இதை மறவாதீர்கள். பேசுகிறவன் அறிவானா என்பது இங்கு வினாவே அன்று.

இவை ஆங்கிலத்திற்கு வானிலிருந்து இறங்கியவையல்ல. ‘அந்த’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சுட்டுச்சொல் தேய்ந்துதான் ‘தெ’ ஆயிற்று. இன்று அவர்கள் ‘அந்த’ என்பதற்கு வழங்கும் ‘தேட்’ என்னும் சொல்லும் அதே குடும்பத்தது. ‘ஒன்று’ என்னும் பொருளுடைய பழஞ்சொல் தேய்ந்து ‘ஆன்’ ஆயிற்று. மெய்யொலிக்கு முன் அதன் னகரமும் உதிர்ந்து ‘எ’ ஆயிற்று. உயிர்முன் ‘எ’ என்பது ‘ஆன்’ ஆகும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வரலாறு அதற்கு நேர்மாறு: ‘ஆன்’ என்பதே மூத்தது.

கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்த காசில் முத்திரை தெரியாது. ஆயினும் அது செல்லும். அதுபோன்றதே ‘தெ’. நம்மிடம் உள்ளதோ தேயாத காசு. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகள் மூன்றும் நம்மிடம் உள்ளன. ‘ஒன்று’ என்பதன் திரிபாகிய ‘ஒரு’, ‘ஓர்’ என்பனவும் உள்ளன. உயிர் வரும்போது ‘ஒரு’ என்பதன் ஈற்று உகரம் கெட்டு முதல் நீண்டு ‘ஓர்’ ஆவதையும், அவ்வாறே ‘இரு’ என்பது ‘ஈர்’ ஆவதையும் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் சொல்லியிருக்கிறார். ஒரு மாடு, ஓர் ஆடு, இருகால், ஈராண்டு. ‘எ’, ‘ஆன்’ மாற்றத்தைத் தமிழ் மாணவன் புதிதாகக் கற்கவேண்டியதே இல்லை. அவன் வீட்டில் இருப்பதுதான் அது.

சுட்டடை இல்லாமை குறையென்றால், இலத்தீனும் குறைமொழியே. அதில் ‘தெ’யும் இல்லை, ‘எ’யும் இல்லை. வடமொழியிலும் இல்லை. உருசிய மொழியில் இன்றும் இல்லை. சீனத்திலும் சப்பானியத்திலும் இல்லை. இலத்தீனின் வழிவந்த பிரெஞ்சும் இசுபானியமும், ‘அந்த’ என்பதையும் ‘ஒன்று’ என்பதையும் தேய்த்துத் தமக்குச் சுட்டடை செய்துகொண்டன. செருமானியத்தில் ‘ஐன்’ என்பது இன்றும் எண்ணாகவும் நிற்கிறது, சுட்டடையாகவும் நிற்கிறது.

சுவையான செய்தி ஒன்று. சமையல் செய்வோர் கட்டும் முன்துணியை ஆங்கிலர் முன்னர் ‘நேப்ரன்’ என்றனர். ‘எ நேப்ரன்’ என்று விரைந்து சொல்லச் சொல்ல, நகரம் எந்தப் பக்கத்தது என்பது மறந்துபோய், ‘ஆன் ஏப்ரன்’ ஆகிவிட்டது. நம் நாரத்தையின் இனத்துப் பெயரும் அத்தகைய விளையாட்டில் சிக்கியது. திராவிட மொழிகளிலிருந்து புறப்பட்டதாக ஆய்வாளர் பலர் கருதும் அப் பெயர், வடமொழி, பாரசீகம், அரபு வழியாக ‘நாரஞ்சு’ என மேற்கே சென்றது. இசுபானியர் இன்றும் நகரத்தோடு சொல்கின்றனர். இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் முன்நின்ற ‘ஒன்று’ என்னும் சொல்லின் னகரத்தோடு ஒட்டி முதல் நகரம் மறைந்தது என்பர். அப்படி நகரம் இழந்த வடிவமே ஆங்கிலத்தில் ‘ஆரஞ்சு’ ஆக நுழைந்தது. அதை இன்று நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். பழத்தைச் சொல்லவில்லை, பெயரைச் சொல்கிறேன்.

‘எ’, ‘ஆன்’ பிழை நேராதிருக்க வழி சொல்கிறேன். அடுத்து வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்து உயிரானால் ‘ஆன்’, மெய்யேறியதானால் ‘எ’. மணிநேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்னும் சொல்லை அவர்கள் ‘எச்’ என்னும் எழுத்தில் தொடங்கினாலும், நாம் எழுதினால் அகரமே முதலில் நிற்கும்: எனவே ‘ஆன் அவர்’. ‘யூனிவர்சிட்டி’ அவர்கள் எழுத்தில் உயிர். நம் எழுத்தில் யகரம்: எனவே ‘எ யூனிவர்சிட்டி’. நாமும் ‘ஒரு யானை’ என்றுதானே சொல்கிறோம்? ‘எம்.ஏ.’ பட்டத்துக்கு ‘ஆன்’, ‘பி.ஏ.’ பட்டத்துக்கு ‘எ’. ஆங்கில எழுத்து மறைப்பதைத் தமிழெழுத்துக் காட்டிக்கொடுக்கிறது! ஆனால் எங்கும் தப்பாத வழியென்று எண்ணாதீர்கள். ‘ஒன்’ என்னும் எண்ணை நாம் ஒகரமிட்டு எழுதினாலும், அவர்கள் வகர ஒலியோடு ‘வன்’ என்பதுபோல் ஒலிப்பர். அதன்முன் ‘எ’தான் வரும்.

இனி அறிசுட்டு. இங்கு நின்றுகொண்டு, “பாலத்தடியில் நில், வருகிறேன்” என்று தோழனிடம் சொன்னால், எந்தப் பாலம் என்று அவன் கேட்பானா? கேட்கமாட்டான், காளவாசல் மேம்பாலந்தான். அங்கே ‘தெ’ வரும். இதையே ஊருக்குப் புதியவரிடம் சொன்னால், “எந்தப் பாலம்?” என்பார். கேட்பவர் “எது?” என்று திருப்பிக் கேட்கத் தேவையில்லாத இடமே ‘தெ’யின் இடம். கதையின் முதலில், “ஊரில் கிழவி ஒருத்தி இருந்தாள்” என்கிறோம். கேட்பவர்க்கு அவளைத் தெரியாது: ‘ஆன்’ அல்லது ‘எ’. “அக் கிழவிக்கு” என்று அடுத்து வரும்போது தெரிந்துவிட்டது: ‘தெ’. ஞாயிறும் நிலவும் நமக்கு ஒவ்வொன்றே. ஆதலால் முதன்முறை சொல்லும்போதே ‘தெ’.

நம் ‘ஐ’ உருபை எண்ணிப் பாருங்கள். நான் இன்று சொல்ல வந்ததன் நடு இதுதான். இவ்வூர்ப் பெயரிலேயே காளவாய் இருக்கிறது, செங்கல்லையே எடுத்துக்கொள்வோம். “செங்கல் ஏற்றினார்கள்” என்றால், ஏதோ செங்கல். “செங்கல்லை ஏற்றினார்கள்” என்றால், நீயும் நானும் அறிந்த செங்கல். “மாடு வாங்கினார்” என்பதற்கு ஆங்கிலத்தில் ‘எ’ வேண்டும். “மாட்டை வாங்கினார்” என்பதற்குத் ‘தெ’ வேண்டும். “தண்ணீர் குடித்தான்” என்பதற்கு ஒன்றும் வேண்டா. “தண்ணீரைக் குடித்தான்” என்பதற்குத் ‘தெ’. ஆங்கிலன் பெயருக்கு முன்னே செய்வதை நாம் பெயருக்குப் பின்னே செய்கிறோம். இல்லாத ஒன்றன்று, இடம் மாறி நிற்பது. இவ் வழி அஃறிணைக்குப் பெரிதும் பொருந்தும். உயர்திணைக்கு ‘ஐ’ எப்போதும் வேண்டும்: அறியாத பையனாயினும் “பையனைப் பார்த்தேன்” என்றே சொல்கிறோம். “ஒரு மாட்டை வாங்கினார்” என்னும்போது ‘ஒரு’ நிற்பதால், அங்கு ‘எ’யே வரும்.

பெயர்களில் அவர்கள் வழக்கம் சற்று முரண்டு பிடிக்கும். மதுரைக்கு ஒன்றும் வேண்டா. வைகைக்குத் ‘தெ’ வேண்டும். ஊர்ப்பெயர் தனித்து நிற்கும், ஆற்றுப்பெயர் நில்லாது. மகன் படிக்கப் போனால், பள்ளியைக் குறிக்கும் சொல்லுக்குமுன் ஒன்றுமில்லை. தாய் கட்டணம் செலுத்த அதே பள்ளிக்குப் போனால் ‘தெ’. இவற்றுக்கெல்லாம் படித்துப் படித்துக் காது பழகுவதே வழி.

இனிப் பெற்றோரும் இதழ் நடத்தும் நண்பர்களும் கேட்கவேண்டியது. அந்தத் ‘தெ’ நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தில் விடுபட்டால் மதிப்பெண் குறைகிறது. ஆங்கில ‘எ’ நம் தமிழில் புகுந்தால் எவரும் வட்டமிடுவதில்லை! “அவர் ஒரு மருத்துவர்”, “இது ஒரு நல்ல நூல்”, “அச் செய்தி எனக்கு ஒரு மகிழ்ச்சியைத் தந்தது” என்று எழுதுகிறோம். அவர் இரண்டு மருத்துவராய் இருக்க முடியுமா? மகிழ்ச்சியை எண்ணிக் கொடுப்பார் உண்டா? “அவர் மருத்துவர்”, “இது நல்ல நூல்” என்றால் தமிழில் முற்றுப்பெற்ற சொற்றொடர். அறியாத ஒருவரைக் குறிக்க வேண்டின், “மருத்துவர் ஒருவர் வந்தார்” என்பது நம் மரபு. நம் இயக்க இதழ்களிலேயே, “இது ஒரு ஆங்கிலச்சொல்” என்று அச்சாகியிருக்கக் கண்டேன். வேண்டாத ‘ஒரு’, வேண்டினும் அங்கு ‘ஓர்’ அல்லவா வரவேண்டும்? வடசொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் களைகின்ற நாம், சொற்றொடரின் எலும்பில் ஏறிய ஆங்கிலத்தைக் காணாமல் விடுகிறோம். நானும் விட்டிருக்கிறேன், பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது நாணினேன்.

போதும். மூன்று சொற்றொடர்களைக் கரும்பலகையில் எழுதுகிறேன்: “பூ வாங்கி வா. பூவைக் கூடையில் வை. கூடை எங்கே?” இவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். எங்கே ‘தெ’ வரும், எங்கே ஒன்றும் வாராது என்று பாருங்கள். மூன்றாவதில் ‘ஐ’ உருபு இல்லை. ஆயினும் எந்தக் கூடை என்பது கேட்பவர்க்குத் தெரியுமா, தெரியாதா? சுண்ணக்கோல் இங்கே இருக்கிறது. முதலில் வரவேண்டியவள் சென்ற கிழமை வினாக் கேட்ட அம்மாவே. வா அம்மா.