நம்பிக் கொடுத்த முகவரி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், தவணை பற்றியெல்லாம் பிரதிநிதிகள் விவரமாகப் பேசிவிட்டார்கள். நான் விற்பனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாங்குகிறவர்களை நாம் எந்த அளவோடு விடவேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் செய்த ஒரு தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, சென்னையில் நடந்த மகளிர் குழுக்கள் கண்காட்சியில் நாமும் ஊறுகாய், சத்துமாவு, வடகம் எல்லாம் வைத்திருந்தோம். ருசி பார்த்தவர்கள், "அடுத்து எப்போ வருவீங்க, சொல்லி அனுப்புங்க" என்றார்கள். ஒரு நோட்டை நீட்டினோம். பெயர், போன் நம்பர், இமெயில் எழுதிக் கொடுத்தார்கள். நூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

தீபாவளிக்கு முன்னால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே இமெயில் அனுப்பினேன். 'டு' என்ற கட்டத்தில் எல்லா முகவரியையும் வரிசையாகப் போட்டுவிட்டேன். அப்படிப் போட்டால் ஒருவருடைய முகவரி மற்ற எல்லோருக்கும் தெரியும் என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் போன் செய்தார். "மேடம், ஊறுகாய் வந்தா சொல்லுங்கன்னுதான் எழுதிக் கொடுத்தேன். இப்ப என் பேரும் மெயிலும் நூறு பேர்கிட்ட இருக்கு. அதுல ஒருத்தர் தினமும் எனக்கு எழுதுறார். நான் இந்த ஊர்ல தனியா இருக்கிறவ" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மற்றவர்களுக்குத் தனித்தனியாக எழுதி, அந்த மெயிலை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒருமுறை வெளியே போன முகவரியைத் திரும்ப வாங்க முடியுமா? அந்தப் பெண் அதற்குப் பிறகு நம்மிடம் எதுவும் வாங்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் போனதைவிட, நம்மை நம்பிய ஒரு பெண்ணுக்கு நம்மால் கஷ்டம் வந்ததுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இது நமக்குப் புரியாத விஷயமா? ரீசார்ஜ் கடையில் நம்பர் சொல்லும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தானே சொல்கிறோம்? நம் நம்பருக்கு இருக்கிற பயம், நம்மிடம் பொருள் வாங்குகிற பெண்ணுக்கும் இருக்கும். ஒரு உறுப்பினரின் கடன் விவரத்தை நாம் ஊரெல்லாம் சொல்வதில்லை. வாடிக்கையாளரின் முகவரியும் அப்படித்தான். அது நம்பிக் கொடுத்தது.

அதனால் நான்கு பழக்கங்களைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கேட்டு வாங்க வேண்டும். "புதுசா பொருள் வந்தா சொல்லட்டுமா? போனிலா, மெயிலிலா, வாட்ஸ்அப்பிலா?" என்று கேளுங்கள். பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப்பிலிருந்தும், தெரிந்தவர் போனிலிருந்தும் நம்பர் எடுக்காதீர்கள். கண்காட்சியில் நோட்டை நீட்டினால், எழுதுகிறவர் தனக்கு முன்னால் எழுதியவர்களின் நம்பரையெல்லாம் பார்க்க முடியும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, எழுதியதும் ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மறைத்து அனுப்ப வேண்டும். இமெயிலில் 'பிசிசி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. முகவரிகளை அதில் போட்டால் ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைகள் மெயில் அனுப்பித் தருகிறார்கள் என்றால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்தால் உள்ளே இருக்கிறவர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக 'பிராட்காஸ்ட்' என்ற வசதி இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். நம் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, அளவாக அனுப்ப வேண்டும். தினமும் காலை வணக்கம் படம், மதியம் விலைப்பட்டியல், ராத்திரி பத்து மணிக்கு "ஆர்டர் இருக்கா அக்கா?" என்றால் யாருக்குத்தான் சலிக்காது? ஒரு கிலோ சத்துமாவு அவர்கள் வீட்டில் எத்தனை நாள் வரும் என்று கேட்டு எழுதி வையுங்கள். தீர்ந்து போகிற நேரத்தில் ஒரு தடவை சொன்னால் போதும்.

நான்காவது, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும், "இனி அனுப்ப வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்" என்று சேருங்கள். எழுதினால் அன்றைக்கே பெயரை எடுத்துவிடுங்கள். "ஏன் அக்கா, பொருள் பிடிக்கலையா?" என்று துருவக் கூடாது.

இது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை, சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. விளம்பர அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வேண்டாம் என்கிறவர்கள் பதிவு செய்ய 1909 என்ற எண் இருக்கிறது. 2023-ல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

போன வாரம் ஒரு குழுவில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா கேட்டார்: "இப்படியெல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தா வியாபாரம் நடக்குமா மேடம்? தவணை கட்ட வேண்டாமா?" நியாயமான கேள்வி. நம் தெருக்களில் சைக்கிளில் புடவை மூட்டை கட்டி வருவாரே, அவரை நினைத்துப் பாருங்கள். வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார். "இன்னைக்கு வேணாம்ப்பா" என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார். அதனால்தான் அடுத்த மாதம் அவர் குரல் கேட்டதும் நாமே கதவைத் திறந்து வெளியே வருகிறோம். தொல்லை பண்ணுகிறவர் வந்தாலோ, வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்கிறோம்! நமக்கு வேண்டியது நம் பெயரைப் பார்த்ததும் பிரித்துப் படிக்கிற ஐம்பது பேர். பார்த்ததும் அழித்துவிடுகிற ஐந்நூறு பேரால் ஒரு தவணையும் கட்ட முடியாது.

வரும் வாரக் கூட்டத்தில் விற்பனை செய்கிற ஒவ்வொரு குழுவும் தன் வாடிக்கையாளர் நோட்டை எடுத்து வைத்துப் பாருங்கள். யார் கேட்டுக் கொடுத்தது, யாரை நாமே சேர்த்தது என்று பிரியுங்கள். நாமே சேர்த்த பெயர்களுக்கு இனி எதுவும் அனுப்பாமல் அடித்துவிடுங்கள். நோட்டை யார் பொறுப்பில் வைப்பது என்பதையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த மாதம் நான் வரும்போது அந்தத் தீர்மானத்தைத்தான் முதலில் கேட்பேன்.