புதுக் குழல் முளைக்கும் மீன்



நெல்லை வண்ணார்பேட்டை பேராச்சி அம்மன் படித்துறையில் இறங்கி நின்றால், பொடிமீன்கள் வந்து காலைக் கொத்தும். அவற்றுக்குத் தூரத்து உறவான ஒரு மீனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வண்ணமீன் கடைகளில் ஜீப்ரா மீன் என்று விற்பார்கள். உடம்பில் நீலக்கோடுகள், நீளம் 2 அங்குலத்துக்குள். வடஇந்திய ஓடைகளிலும் வயல்தண்ணீரிலும் வாழ்கிற இதை 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் பதிவு செய்தார்.

நம்முடைய ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ரத்தத்தை வடிகட்டும் நுண்குழல்கள் இவை. தாயின் வயிற்றில் 36 வாரம் ஆகும்போது இவை உருவாவது நின்றுவிடுகிறது. பிறகு குழலின் உள்சுவரில் ஏற்படும் புண் ஓரளவு ஆறும். குழலே போய்விட்டால் போனதுதான். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வருஷக்கணக்கில் அரிப்பது இந்தக் கையிருப்பைத்தான். வாரம் 2, 3 தடவை டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய இழப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜீப்ரா மீனுக்கு அப்படியில்லை. ஆஸ்பத்திரியில் கிருமிக்குப் போடும் ஜென்டாமைசின் அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதே மருந்தை ஆய்வாளர்கள் மீனுக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள். குழல்கள் சிதைகின்றன. சில நாளில் அந்தச் சிதைவுக்கு நடுவே செல்கள் சிறுசிறு கொத்தாகத் திரள்கின்றன. பச்சையாக ஒளிரும்படி மரபணுவில் அடையாளம் வைத்திருப்பதால், நுண்ணோக்கியில் அவற்றைக் கண்ணாலேயே பின்தொடர முடிகிறது. கொத்து நீள்கிறது, வளைகிறது, முழு நெஃப்ரானாகிறது. இந்தச் செல்களை எடுத்து வேறொரு மீனுக்குள் செலுத்தினாலும் அங்கே புதுக் குழல் முளைப்பதை ஆலன் டேவிட்சன் குழுவினர் 2011இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, மீன் சாப்பிட்டால் சிறுநீரகம் வளரும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். சிறுநீரகத்தைப் புதுப்பிக்கும் சூரணம் என்று விற்பவரையும் நம்பவேண்டாம். மனிதருக்கு அப்படி ஒரு மருந்து இன்றுவரை இல்லை.

எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது, புதுக் குழல் பழைய குழலோடு போய்ச் சேருவதுதான். வடிகால் இல்லாத வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும் அல்லவா? மனித ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் குட்டிச் சிறுநீரகங்களுக்கு இருக்கும் குறையும் அதுதான். நெஃப்ரான் உருவாகிறது, சிறுநீர் வெளியேறப் பெரும்பாலும் வழியில்லை. மீனிலோ அந்த இணைப்பு தானாக நடக்கிறது. செல்களுக்கிடையே செய்தி கடத்தும் 'விண்ட்' பாதையை அடைத்தால் புதுக் குழல் உருவாவதே தடைப்படும் என்பது 2019இல் தெரியவந்தது. அந்தச் செய்தி எந்தச் செல்லிலிருந்து கிளம்பி எந்தச் செல்லைத் தொடுகிறது என்பதை ஆய்வாளர்கள் இப்போது ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.