பழைய மாணவர் நேர்காணல்: சிபாரிசு அல்ல, சாட்சி

(மாதுங்காவில் நடந்த மாணவர் - பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் காலத்தில் மாதுங்கா, செம்பூர்ப் பிள்ளைகள் ப்ளஸ் டூ முடித்தால் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு காலேஜ் வாசலில் வரிசையில் நிற்பார்கள். ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ., இங்குள்ள இன்ஜினீயரிங்குக்கு எம்.எச்.டி. சி.இ.டி. இரண்டிலும் ராங்க்தான் பேசும், நேர்காணல் கிடையாது. இப்போது சில குழந்தைகள் பி.எஸ். படிப்புக்கே அமெரிக்காவுக்கு மனுப் போடுகிறார்கள். திடீரென்று ஒருநாள் ஈமெயில் வருகிறது: "எங்கள் பழைய மாணவர் ஒருவர் உங்களோடு பேச விரும்புகிறார்." வீடே அல்லோலகல்லோலப்படுகிறது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

பேசப்போகிறவர் கல்லூரி அதிகாரி அல்லர். அங்கே படித்து, இப்போது மும்பையிலோ வேறு ஊரிலோ வேலை பார்ப்பவர். சம்பளம் வாங்காமல் செய்கிறார். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், பெரும்பாலும் வீடியோவில் பேசுவார். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற இடங்களில் குழந்தையின் மார்க்கோ கட்டுரையோ அவர் கையில் இருக்காது. பேசியபின் ஓர் அறிக்கை எழுதி அனுப்புவார். மார்க், ஆசிரியர் கடிதங்கள், கட்டுரைகள் ஆகியவற்றோடு அதுவும் ஒரு காகிதமாகக் கோப்பில் சேரும். முடிவு அட்மிஷன் ஆபீஸுடையது. நம் சர்க்கார் பாஷையில் சொன்னால், அவர் குறிப்பு எழுதுகிறவர்; கையெழுத்துப் போடுகிறவர் அல்லர்.

எல்லாக் கல்லூரியிலும் ஒரே வழக்கம் இல்லை. ஜார்ஜ்டவுன் இதை முக்கியமாகக் கேட்கிறது. கொலம்பியா 2023-ல் நிறுத்திவிட்டது. யேல் போன்ற இடங்களில் எல்லோருக்கும் அழைப்பு வராது. வராததால் குழந்தைக்குப் பாதகம் இல்லை. ஆகவே பக்கத்து ஃபிளாட் பையனுக்கு வந்தது, நமக்கு வரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

"நேர்காணல் என்றாலே பாரபட்சம்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். 1920-களில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றும் 'குணநலன்' பார்க்க ஆரம்பித்தன. நேர்காணல் அதற்கு ஒரு கருவியாயிற்று. நம் நாட்டிலும் அஜய் ஹாசியா வழக்கு உண்டு. ஸ்ரீநகர் ரீஜினல் இன்ஜினீயரிங் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மார்க், நேர்காணலுக்கு 50. பேசியதோ இரண்டு மூன்று நிமிஷம். அப்பா யார், எந்த ஊர் என்ற கேள்விகள். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஹார்வர்டுக்கு எதிராக 2014-ல் தொடுக்கப்பட்டு, 2023-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் முடிந்த வழக்கில் ஒரு விவரம் வெளிவந்தது. வாதிகள் தாக்கல் செய்த ஆய்வின்படி, ஆசிய வம்சாவளி மாணவர்களின் குணத்துக்கு அட்மிஷன் ஆபீஸ் குறைவான மதிப்பீடு கொடுத்தது. நேரில் பேசிய பழைய மாணவர்களோ அவர்களை வெள்ளையருக்குச் சமமாகவே மதிப்பிட்டிருந்தார்கள்! காகிதத்தில் 'இன்னொரு கணக்குப் புலி'யாகத் தெரிந்த பிள்ளை, எதிரே உட்கார்ந்து பேசியபோது மனுஷனாகத் தெரிந்திருக்கிறான். நேர்காணலின் பிரயோஜனம் இதுதான்.

செம்பூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், "பேசப்போகிறவர் நம்மவர் மாதிரி இருக்கிறது. யாரையாவது விட்டு ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்று கேட்டார். "வேண்டாம் ஸ்வாமி, அந்த ஒரு வார்த்தையை அவர் அறிக்கையில் எழுதிவிட்டால் பேத்தியின் கதி என்ன?" என்றேன். அவர் பேசவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அந்தப் பெண்தான், "தாத்தா, என்னைப் பற்றிச் சொல்ல எனக்கே தெரியும்" என்றாள். அதைவிட நல்ல தயாரிப்பு வேறென்ன?

பெரியவர்களுக்குச் சில வார்த்தைகள். குழந்தையோடு போய் உட்காராதீர்கள். வீடியோ என்றால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். பதிலை மனப்பாடம் செய்விக்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். பரிசுப் பொருள், ஸ்வீட் பாக்ஸ் எதுவும் வேண்டாம்.

குழந்தைகளுக்கு: எதை விரும்பிப் படிக்கிறாய், ஓய்வில் என்ன செய்கிறாய் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். அவர் படித்த நாட்களைப் பற்றி நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள். மறுநாள் நன்றி சொல்லி நாலு வரி எழுதுங்கள்.

இடம் கிடைப்பதும் கிடைக்காததும் பல விஷயங்களைப் பொறுத்தது. கிடைக்காவிட்டாலும், முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரு மணி நேரம் பயமில்லாமல், பொய்யில்லாமல் பேசிய அனுபவம் உங்களோடு இருக்கும். அது பவாய்க்குப் போனாலும் உதவும், பாஸ்டனுக்குப் போனாலும் உதவும்.